மாத்திரை தருபவருக்குக் கிருமிப் பாடம் எதற்கு?

பி.பார்ம் படிப்பில் நுண்ணுயிரியலும் தொற்றுநோய்ப் பாடமும் வேண்டாத சுமை என்ற எண்ணம் மாணவர்களிடம் மட்டுமல்ல, பெற்றோரிடமும் கடை முதலாளிகளிடமும் ஊறிப்போயிருக்கிறது. கிருமி டாக்டர் பாடு, லேப் பாடு. மருந்தாளுநருக்கு மருந்து தெரிந்தால் போதும் என்கிறார்கள். கேட்பதற்கு நியாயமாகப் படும் இந்த வாதம், காசநோய் மருந்தின் முன்னால் ஒரு நிமிடம்கூட நிற்காது.

முதலில், மருந்து போய்ச் சேரும் நுரையீரலைப் பார்ப்போம். கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீப்ஸில் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. அங்கே பாறையைத் துளைத்தவர்களில் தமிழர்கள் ஏராளம். 1940களில் கோலார் சுரங்கத் தொழிலாளர்களைப் பரிசோதித்தபோது நூற்றுக்கு நாற்பது பேருக்கும் மேல், பாறைத் தூளால் வரும் சிலிக்கோசிஸ் என்னும் நுரையீரல் நோய் தெரிந்தது. சிலிக்காத் தூள் நுரையீரலிலுள்ள மேக்ரோஃபேஜ் என்னும் விழுங்கு செல்களைச் சிதைக்கிறது. காசநோய்க் கிருமியை அடக்கிவைக்க வேண்டியவை அதே செல்கள்தாம். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. படிந்த தூளோ நுரையீரலை விட்டுப் போவதில்லை. வேலையை விட்டுப் பல ஆண்டுகள் கழித்தும் காசநோய் வரலாம். சிலிக்கோசிஸ் உள்ளவருக்குச் சிகிச்சையை வழக்கமான ஆறு மாதத்துக்கு மேல் நீட்டுவதும் உண்டு. ஏன் என்பதற்கான விடை மருந்தில் இல்லை, நுரையீரலில் இருக்கிறது.

ஐசோநயாசிட் விழுங்கப்படும்போது வெறும் முன்மருந்து. கிருமியின் கேட்ஜி மரபணு தரும் நொதிதான் அதைச் செயல்படும் மருந்தாக்குகிறது. அந்த மரபணு பழுதான கிருமியிடம், தரப் பரிசோதனையில் தேறிய மாத்திரையும் தோற்றுப்போகும். ஏறத்தாழ பத்து லட்சம் கிருமிகளில் ஒன்று ஐசோநயாசிடுக்கும், பத்துக் கோடியில் ஒன்று ரிஃபாம்பிசினுக்கும் இயல்பாகவே அடங்காது. நோயாளியின் நுரையீரல் குழி ஒன்றில் பத்துக் கோடி கிருமிகள் இருக்கக்கூடும். கூட்டுமருந்து ஏன் என்பது இந்தக் கணக்கில் அடங்கியிருக்கிறது. கணக்குத் தெரியாதவர், "ஒரு மாத்திரை தீர்ந்துபோச்சு, மற்றதைப் போட்டுக்கங்க" என்று கூசாமல் சொல்லிவிடுவார்.

இரண்டு வாரமாக இருமும் ஓய்வுபெற்ற சுரங்கத் தொழிலாளி ஒருவர் கடையில் வந்து, "சளிக்கு ஸ்ட்ராங்கா ஏதாவது குடுங்க" என்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம். அட்டையிலிருந்து லிவோஃப்ளாக்சசின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரைகள் ஐந்து வெட்டித் தரப்படுகின்றன. இருமல் சற்றுத் தணியும். காரணம், அம்மருந்து காசநோய்க் கிருமியையும் பாதி அடக்குகிறது. சளிப் பரிசோதனை தள்ளிப்போகிறது, செய்தாலும் கிருமி தென்படாமல் போகலாம். மருந்துக்கு அடங்காத காசநோய்க்குக் கைகொடுக்க வேண்டிய மருந்து வகை அதற்குள் பயனிழக்கத் தொடங்குகிறது.

சீட்டைப் பார்த்துத் தருவதுதானே வேலை என்பார்கள். சட்டம் அப்படி விட்டுவிடவில்லை. 2014 மார்ச் 1 முதல் நடைமுறையிலுள்ள, மருந்து விதிகளின் எச்1 அட்டவணை, லிவோஃப்ளாக்சசினையும் முதல்நிலைக் காசநோய் மருந்துகளையும் சீட்டின்றி விற்கத் தடை விதிக்கிறது. விற்பனைப் பதிவேட்டை மூன்று ஆண்டுகள் காக்கச் சொல்கிறது. காசநோயாளிகளைப் பற்றி அரசுக்குத் தெரிவிக்கும் கடமையை 2018 மார்ச் அறிவிக்கை மருந்துக் கடைகளுக்கும் சேர்த்தே விதித்தது.

ஆனாலும் மாணவர் சலிப்பில் நியாயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. பாடத்திட்டத்தில் காசநோய் இரண்டாம் பருவத்தில் நோய்க்கூறியலில் வருகிறது, நுண்ணுயிரியல் மூன்றாம் பருவத்தில். காசநோய் மருந்துகளோ ஆறாம் பருவத்தில்தான். கிராம் சாயமேற்றும் படிகளை மனப்பாடம் செய்து மறந்தவரிடம் ஒன்றரை ஆண்டு கழித்து மருந்துப் பட்டியலை நீட்டினால், அவரும் அதை மனப்பாடம்தான் செய்வார். குறைக்க வேண்டியது பாடத்தை அல்ல, அந்த இடைவெளியை.