சாக மறுக்கும் உயிரணுவும் நிறுத்தக் கூடாத மாத்திரையும்

நம் சரீரத்திலுள்ள உயிரணுக்கள் தம் மரணத்துக்கு வேண்டிய சாதனங்களைத் தமக்குள்ளேயே வைத்திருக்கின்றன என்பதும், பழுதுற்ற அணு கிரமமாகத் தன்னைத்தானே அழித்துக்கொள்வதாலேயே ஏனைய அணுக்கள் க்ஷேமமாக வாழ்கின்றன என்பதும் ஜீவ சாஸ்திரம் நன்கு நிறுவிய உண்மைகள். 1972ஆம் ஆண்டில் கெர், வில்லி, கரி என்ற மூவர் இந்த மரணத்துக்கு அபோப்டோசிஸ் என்று பெயரிட்டனர்.

சாவுக்குரிய கருவிகளைத் தன்னிடமே கொண்ட அணு எதனால் பிழைத்திருக்கிறது என்று கேட்டால், கிடைக்கும் விடை வியக்கத்தக்க அளவுக்குச் சிறியது. கைனேஸ் என்னும் நொதி ஒரு புரதத்தின்மேல் பாஸ்பேட்டை ஏற்றுகிறது. மற்றொரு நொதி அதை இறக்குகிறது. 1950களில் சியாட்டில் நகரில், மருந்து எதையும் கருதாமல், தசையின் நொதி ஒன்றை ஆராய்ந்த எட்வின் கிரெப்ஸும் எட்மண்ட் ஃபிஷரும் கண்ட இந்தச் செயலுக்கு 1992இல்தான் நோபல் பரிசு கிடைத்தது. மரணத்தைத் தூண்டும் ‘பேட்’ என்ற புரதம், பாஸ்பேட் ஏறாதிருக்கையில், மைட்டோகாண்ட்ரியாவில் உயிர்காத்து நிற்கும் புரதங்களைப் பற்றி முடக்கிவிடும். ஆனால் வளர்ச்சிக் காரணிகளின் செய்தி வந்துகொண்டிருக்கும் வரையில், ஏகேடி என்னும் கைனேஸ் அதன்மேல் பாஸ்பேட்டை ஏற்றிவிடுவதால், 14-3-3 என்ற புரதம் அதைப் பிடித்து அப்பாலேயே நிறுத்திவைக்கிறது. செய்தி நின்றால் பாஸ்பேட் இறங்கும். மரணத்துக்கு வழி திறக்கும். ஆகவே உயிர்வாழும் அனுமதியை அணு இடையறாது புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது.

நாட்பட்ட மைலாய்டு இரத்தப் புற்றுநோயில் இந்த நியதிதான் குலைகிறது. 9ஆம், 22ஆம் குரோமோசோம்கள் துண்டு மாறி ஒட்டிக்கொள்வதால் பிறக்கும் பிசிஆர்-ஏபிஎல் என்னும் கைனேஸ், எவ்விதச் செய்திக்கும் காத்திராமல் ஓயாது பாஸ்பேட்டை ஏற்றிக்கொண்டிருக்க, மடிந்திருக்க வேண்டிய வெள்ளணுக்கள் மடியாமல் பெருகுகின்றன. 2001இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இமாட்டினிப் மாத்திரை, அந்த நொதியில், பாஸ்பேட்டைத் தரும் ஏடிபி என்னும் மூலக்கூறு வந்து அமரும் இடத்தை அடைத்து, ஒரு சில ஆண்டுகளில் உயிரைக் குடித்துவந்த வியாதியைப் பல்லாண்டு வாழத்தக்க வியாதியாக மாற்றிவிட்டது.

ஆயினும் மருந்து அந்த நொதியைப் பிறப்பித்த பிழையைத் திருத்துவதில்லை. நொதியின் செயலை மட்டுமே தடுக்கிறது. மருந்து நின்றால் எஞ்சிய அணுக்களில் அது மீண்டும் தன் தொழிலைத் தொடங்கிவிடக்கூடும். நாள் தவறாமல் உட்கொள்ள வேண்டிய மருந்துக்கு விலையும் சிகிச்சையின் ஓர் அங்கமே என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். இம்மருந்தின் பீட்டா படிக வடிவத்துக்கு நோவார்ட்டிஸ் நிறுவனம் கோரிய காப்புரிமையை 2006இல் சென்னைக் காப்புரிமை அலுவலகம் மறுத்ததும், 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் அந்த நிறுவனத்தின் கோரிக்கையை நிராகரித்ததும், அன்று மாதம் சுமார் 1,20,000 ரூபாய் விலையிருந்த மருந்தை உள்நாட்டு நிறுவனங்கள் ஏறக்குறைய 8,000 ரூபாய்க்குத் தொடர்ந்து தர வழி செய்தன. அது நியாயமான தீர்ப்பு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் கூலிவேலை செய்து பிழைக்கும் குடும்பத்துக்கு அந்தத் தொகையும் பெரும் பாரமே.

ஆதலால் மாவட்ட மருத்துவமனைகள்தோறும் இம்மாத்திரை ஒரு மாதமும் தவறாமல் இலவசமாகக் கிடைக்கச் செய்வது அரசின் கடமை. மருத்துவர்களின் நெருங்கிய கண்காணிப்பில் சிலருக்கு மருந்தை நிறுத்திப் பார்க்க முடிகிறது என்பது மெய்யே. ஆனால் இரத்தப் பரிசோதனையில் வெள்ளணுக்களின் எண்ணிக்கை சரியாகிவிட்டது என்று கண்டவுடன் தாமாகவே மாத்திரையை விட்டுவிட வேண்டாம் என்று நோயாளிகளையும் அவர்கள் குடும்பத்தாரையும் மிக வணக்கமாகக் கேட்டுக்கொள்கிறேன்.