எடைக்குப் போடும் முன்... அம்மாவின் தையல் புத்தகங்களில் எது இருக்கட்டும், எது போகட்டும்?

பழைய பேப்பர் கடைத் தராசுக்கு எல்லாமே ஒன்றுதான். நேற்றைய நாளிதழும் நாற்பது வருட எம்பிராய்டரி டிசைனும் கிலோவுக்கு ஒரே விலை.

புதுச்சேரியில் பொங்கலுக்கு முன் பரண் இறங்கும் வீடுகளில் இந்தப் பெட்டியும் எப்படியோ இறங்கிவிடுகிறது. பெண்கள் இதழ்களோடு இலவசமாக வந்த தையல், கோலப் புத்தகங்கள், பாரிஸிலிருந்து சொந்தக்காரர்கள் கொண்டுவந்த பிரெஞ்சு இதழ்கள், நாலாக மடித்த டிரேசிங் பேப்பர்கள், செய்தித்தாளில் வெட்டிய பிளவுஸ் பேட்டர்ன். சேர்த்தவர் அம்மாவோ பாட்டியோ. பிரிக்க உட்காருபவருக்குப் பெரும்பாலும் ஊசியில் நூல் கோக்கக்கூடத் தெரியாது. மொத்தமாகப் போட்டுவிட்டு, அடுத்த மாதம் ‘அந்த மயில் டிசைன் எங்கே?’ என்று அம்மா கேட்கும்போதுதான் சிக்கல் தெரியும். கேட்க அம்மா இல்லாத வீட்டில், போனது என்னவென்றுகூடத் தெரியாது.

இந்த ஊருக்கும் ஊசிக்கும் உறவு பழையது. பிரான்ஸிலிருந்து குளூனி சபைக் கன்னியர்கள் 1827-ல் புதுச்சேரி வந்தார்கள். ரோமன் ரோலண்ட் வீதியில் பழைய பிரெஞ்சு வீடு ஒன்றில் உள்ள அவர்களின் எம்பிராய்டரி மையத்தில், மேஜை விரிப்பும் கைக்குட்டையும் கையாலேயே தைக்கிறார்கள். அரவிந்தர் ஆசிரமத்திலும் எம்பிராய்டரிப் பிரிவு உண்டு. அதனால் இந்த ஊர்ப் பரணில் தையல் காகிதம் கொஞ்சம் கூடுதலாகவே கிடந்தால் ஆச்சரியமில்லை.

முதலில் கையால் செய்தது

பெட்டியைப் பிரிக்கும்போது பலரும் பளபளப்பான இதழ்களை எடுத்து வைத்துக்கொண்டு, கசங்கிய தாள்களைக் குப்பையில் போடுகிறார்கள். செய்ய வேண்டியது நேர்மாறு. அச்சான இதழ் ஆயிரக்கணக்கில் வந்தது. தேடினால் இன்னொரு பிரதி கிடைக்கலாம். கையால் ஊசி குத்திய டிரேசிங் பேப்பர் உலகத்திலேயே ஒன்றுதான் இருக்கும்.

அது எப்படி உருவாகிறது என்று பார்த்தால் அதன் அருமை புரியும். டிசைனை டிரேசிங் பேப்பரில் வரைந்து, கோட்டின் மேலேயே ஊசியால் நெருக்க நெருக்கக் குத்த வேண்டும். ஒரு முழு முந்தானை டிசைன் என்றால் பல நாள் வேலை. பிறகு தாளைத் துணிமேல் விரித்து, மண்ணெண்ணெயில் குழைத்த நீலப்பொடியைப் பஞ்சில் தொட்டுத் தேய்த்தால், ஓட்டைகள் வழியே டிசைன் துணியில் இறங்கும். கறுப்பு, மெரூன் போன்ற அடர்நிறத் துணிக்கு வெள்ளை ஜிங்க் பவுடர். ஒரே தாளில் எத்தனை புடவைக்கு வேண்டுமானாலும் டிரேசிங் போடலாம். ஆக, அது வெறும் படம் இல்லை, ஒரு கருவி.

இதோடு சேர்த்து வைக்க வேண்டியவை: ஓரத்தில் அளவு எழுதிய வெட்டுத் தாள்கள், நூல் நிற எண் குறித்த நோட்டுகள், தைத்துப் பார்த்த மாதிரித் துணிகள். ‘மார்பு 36, கை 5, கழுத்து 7’ என்ற பென்சில் எழுத்தை எந்த இதழும் மறுபடி அச்சடிக்கப் போவதில்லை.

அந்த வெட்டுத் தாளால் இனி தைக்க முடியுமா என்பது வேறு கேள்வி. உடம்பு மாறும், கழுத்து வைக்கும் ஸ்டைலும் மாறும். ஆளுக்கு ஒன்றை நினைவுக்காக வைத்துக்கொண்டு மற்றதை விடலாம்.

பிறகு அச்சானது

இங்கேதான் இடம் மிச்சமாகும். பிரெஞ்சு நூல் நிறுவனமான டி.எம்.சி. 1746-ல் முலூஸ் நகரில் தொடங்கியது. கைத்தையலுக்கு இன்றும் பெரிய அகராதியாகக் கருதப்படும் தெரேஸ் த தில்மோன் எழுதிய புத்தகம் 1886-ல் வந்தது. அதன் ஆங்கிலப் பதிப்பு காப்புரிமை முடிந்து இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. பூச்சி அரித்த பிரதியைக் கட்டிக் காக்கத் தேவையில்லை.

ஜெர்மனியின் ‘புர்தா’ போன்ற இதழ்களுக்குள் இருக்கும் பெரிய பேட்டர்ன் தாளில் ஒன்றின்மேல் ஒன்றாகப் பல உடைகளின் கோடுகள் பின்னிக் கிடக்கும். அந்தத் தாள் தொலைந்திருந்தால் இதழ் வெறும் படப் புத்தகம்தான். தைரியமாகப் போடலாம். தாள் இருந்தால் ஒன்றை மறக்கக் கூடாது: அந்தக் கோட்டில் தையலுக்கான ஓரம் சேர்க்கப்பட்டிருக்காது. கோட்டிலேயே வெட்டினால் உடை பிடிக்கும்.

சமீப வருடங்களில் பெட்டியில் சேர்ந்தவை ‘குயில்ட்’ எனும் ஒட்டுத்துணிப் போர்வை இதழ்கள். படத்தில் அழகு கொஞ்சும். ஆனால், அமெரிக்க இதழ்கள் 18-க்கு 22 அங்குலத் துண்டுகளாக வெட்டி விற்கும் துணியைக் கணக்கில் வைத்து எழுதப்பட்டவை. நேரு வீதிக் கடையில் துணி மீட்டரில்தான் கிடைக்கும். நடுவே பஞ்சு வைத்த போர்வையை மே மாதப் புதுச்சேரியில் யார் போர்த்துவது? பழைய பருத்திப் புடவைகளை அடுக்கி ஓட்டுத் தையல் போடும் வங்காளக் காந்தாவும் வடகர்நாடகக் கவுதியும்தான் நம் வெயிலுக்குச் சரி. அதற்கு இதழே வேண்டாம். மேஜை விரிப்பு, தலையணை உறை என்று இங்கே உண்மையில் தைக்கக்கூடிய பக்கங்களை மட்டும் கிழித்து ஒரு ஃபைலில் போட்டால், ஓர் அலமாரி ஒரு ஃபைலாகச் சுருங்கும்.

பழைய தமிழ் இதழ்கள் விஷயத்தில் மட்டும் கை கொஞ்சம் நிதானிக்கட்டும். காரைக்குடி பக்கம் கோட்டையூரில் ரோஜா முத்தையா, புத்தகங்களோடு இதழ்கள், கல்யாண அழைப்பிதழ்கள், நோட்டீஸ்கள் என்று ஏறக்குறைய 1,00,000 சேர்த்து வைத்தார். அவர் 1992-ல் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கியது. அதுதான் இன்று சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக நிற்கிறது. ஐம்பது, அறுபது வருடத்துக்கு முந்தைய இதழ் கட்டாக இருந்தால், எடைக்குப் போடும் முன் இப்படியொரு நூலகத்துக்கு ஒரு போன் செய்து பார்க்கலாம். இணைப்புப் புத்தகம் தனியாகக் கிடந்தால், எந்த இதழ், எந்த மாதம் என்று தெரிந்தவரை பென்சிலால் எழுதி வையுங்கள்.

மழை வரும்

2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 46 செ.மீ. மழை கொட்டியது. தரைத்தளத்தில் கீழ்த் தட்டில் இருந்த காகிதம் எதுவும் தப்பியிருக்காது. பளபளப்புத் தாள் நனைந்து அப்படியே காய்ந்தால் பக்கங்கள் பலகைபோல ஒட்டிக்கொள்ளும், பிரிக்கவே முடியாது. ஈரமாக இருக்கும்போதே பக்கங்களுக்கு நடுவே வெள்ளைத் தாள் வைத்து ஃபேன் காற்றில் உலர்த்த வேண்டும். உடனே நேரமில்லை என்றால் பாலிதீன் கவரில் போட்டு ஃப்ரீசரில் வைத்துவிட்டு, பிறகு நிதானமாகச் செய்யலாம். சாதாரண நாளில் மேல் தட்டு, பருத்தித் துணி உறை, நடுவே கொஞ்சம் வசம்பு போதும்.

மொபைலில் படம் எடுத்து வைப்பதும் நல்லதுதான். ஆனால், சாய்வாக எடுத்த பேட்டர்ன் படத்தில் அளவு மாறிவிடும். தாளைத் தரையில் விரித்து, பக்கத்தில் ஸ்கேலை வைத்து, நேர் மேலிருந்து எடுக்க வேண்டும். பிரின்ட் எடுக்கும்போது அந்த ஸ்கேலின் ஓர் அங்குலம் நிஜத்திலும் ஓர் அங்குலமா என்று பார்த்துவிட்டுத் துணியில் கத்தரி வையுங்கள். காசு கொடுத்து வாங்கிய டிசைனை வாட்ஸ்அப் குரூப்பில் சுற்றவிடுவது வேறு சங்கதி. வரைந்தவரும் ஊசியை நம்பிப் பிழைப்பவர்தான்.

வேண்டாம் என்று முடிவானவற்றில், கிழியாத இதழ்களைப் பக்கத்தில் உள்ள தையல் பயிற்சி மையத்தில் முதலில் கேட்கலாம். மிச்சம் எடைக்கு. மண்ணெண்ணெய் பட்ட டிரேசிங் தாள்களை மடிக்காமல் உருட்டி, தனி உறையில், அடுப்பங்கரையிலிருந்து தள்ளி வைக்க வேண்டும். மற்ற புத்தகங்களோடு சேர்த்தால் எண்ணெய்க் கறை அவற்றிலும் ஏறும். உறையின் மேல் ‘மயில், முந்தானை, அம்மா’ என்று எழுதினால் அடுத்த முறை பரண் இறங்கும்போது தேட வேண்டியிருக்காது.