சத்தத்தை நிறுத்தினால் சரியாகிவிடுமா?

கெடாவின் சுங்கை பட்டாணி வட்டாரத்தில் கிளினிக், லாரி கம்பெனி, கோயில் நிர்வாகம் என்று யார் சர்வர் வாங்கினாலும் முதலில் கேட்பது 'எத்தனை டிபி?' என்றுதான். அந்த டிஸ்குகளை எப்படிச் சேர்க்கப் போகிறீர்கள் என்று கேட்பவரை நான் அதிகம் பார்த்ததில்லை. விற்கிற ஆளே ஏதோ ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ஓகே தட்டிவிட்டுப் போய்விடுகிறார். இங்கே கம்ப்யூட்டர் சர்வீஸ் தொழில் செய்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: அந்த முடிவைப் பணம் கொடுப்பவர்தான் எடுக்க வேண்டும், எழுதியும் வாங்கிக்கொள்ள வேண்டும்.

சர்வருக்குள் நான்கு டிஸ்க் இருந்தால், அவற்றுக்கும் விண்டோஸுக்கும் நடுவில் கன்ட்ரோலர் என்ற கார்டு ஒன்று உட்கார்ந்திருக்கும். நான்கையும் சேர்த்து ஒரே டிஸ்க் மாதிரி அது காட்டுகிறது. அதுதான் வெர்ச்சுவல் டிஸ்க். பேட்டர்சன், கிப்சன், கட்ஸ் என்ற மூவர் 1988இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்திலிருந்து எழுதிய கட்டுரையில், இப்படி டிஸ்குகளைச் சேர்ப்பதற்கு ரெய்டு என்று பெயர் வைத்தார்கள். விலை உயர்ந்த ஒரு பெரிய டிஸ்குக்குப் பதிலாக மலிவான சின்ன டிஸ்குகள் பலவற்றைப் போடலாம் என்பது அவர்கள் வாதம். ஆனால் டிஸ்க் கூடக் கூட ஏதாவது ஒன்று கெட்டுப்போகும் வாய்ப்பும் கூடும். அதனால்தான் ஒன்று போனாலும் தாங்கும் ஏற்பாடு தேவைப்பட்டது.

தோட்டத்து ஆட்களுக்கு இதைப் புரியவைக்க எனக்குக் கஷ்டமே இல்லை. ரப்பர் பால் நிறுக்கும்போது கணக்கெழுதும் கிராணி ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே எடை எழுதி, கீழே மொத்தம் போடுவார். மழையில் ஒரு பெயரின் எடை அழிந்துவிட்டால், மொத்தத்திலிருந்து மற்றவற்றைக் கழித்துக் கண்டுபிடித்துவிடலாம். இரண்டு பெயர் அழிந்தால் கிராணியாலும் முடியாது. ரெய்டு 5 இவ்வளவுதான். மொத்தம் மட்டும் ஒரே டிஸ்கில் தங்காமல், எல்லா டிஸ்கிலும் மாறி மாறி எழுதப்படும். 4 டிபி டிஸ்க் நான்கு போட்டால் 12 டிபி கிடைக்கும், ஒன்று செத்தால் தாங்கும். ரெய்டு 6 இரண்டு செத்தாலும் தாங்கும், ஆனால் 8 டிபிதான் கிடைக்கும். ரெய்டு 10இலும் அதே 8 டிபிதான். அது இரண்டிரண்டாக ஜோடி சேர்த்து, ஒன்றில் எழுதுவதை இன்னொன்றிலும் எழுதும். ரெய்டு 0 எதையும் தாங்காது. அதைப் போட்டு இடம் நிறைய இருக்கிறதென்று விற்பவர்களும் இருக்கிறார்கள்.

பீடோங் பக்கம் ஒரு கிளினிக்கில் ரெய்டு 5 போட்டிருந்தார்கள். ஒரு டிஸ்க் செத்ததும் கன்ட்ரோலர் கத்த ஆரம்பித்தது. கவுன்டரில் இருந்த பெண் என்னிடம் சொன்னார்: "அண்ணே, நாள் முழுக்கக் கத்திக்கிட்டே இருந்துச்சு. பேஷன்டுக்குத் தொல்லைன்னு சப்ளையர்கிட்ட சொன்னோம். ஆள் வந்து நிறுத்திட்டுப் போயிட்டாரு." நின்றது சத்தம் மட்டும்தான். டிஸ்கை யாரும் மாற்றவில்லை. முன்பக்கம் மஞ்சள் விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்திருக்கிறது. சர்வரை அலமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டால் அதை யார் பார்ப்பது? பிறகு இரண்டாவது டிஸ்கும் போனது. நான்கும் ஒரே நாளில், ஒரே பெட்டியிலிருந்து வந்தவை. ஒரே வயசு, ஒரே வேலை. அடுத்தடுத்து விழுவதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. புது டிஸ்க் போட்டு அதில் தகவலை மறுபடி கட்டும்போதுகூட ஆபத்து தீர்வதில்லை. மிச்சமிருக்கும் டிஸ்குகளை மணிக்கணக்கில் முதலிலிருந்து கடைசிவரை படித்தாக வேண்டும், பலவீனமான டிஸ்க் அந்த நேரத்தில்தான் கையை விரிக்கும். பெரிய டிஸ்குகளுக்கு ரெய்டு 5 வேண்டாம் என்று நான் பிடிவாதம் பிடிப்பது இதனால்தான்.

இன்னொரு வம்பு, எழுதும் முறை. ரைட் பேக் என்றால், கன்ட்ரோலர் எழுத வேண்டியதைத் தன் நினைவகத்தில் வாங்கிவைத்து, 'எழுதிவிட்டேன்' என்று முன்கூட்டியே சொல்லிவிடும். வேகமாக இருக்கும். கரண்ட் போனால் அதைக் காப்பாற்றத்தான் கார்டில் பேட்டரி இருக்கிறது. பேட்டரி செத்தால் நல்ல கன்ட்ரோலர் ரைட் த்ரூ முறைக்கு, அதாவது டிஸ்கில் எழுதி முடித்த பிறகே பதில் சொல்லும் முறைக்கு, தானாகவே மாறிவிடும். சர்வர் மந்தமாகும். வாடிக்கையாளர் புகார் சொன்னதும், பேட்டரியை மாற்றாமல் ரைட் பேக்கைக் கட்டாயமாக்கி வைப்பவர்கள் உண்டு. நம் ஊர் இடிமின்னலில் ஒரு தடவை டிரிப் ஆனால் போதும், கடைசியாகப் போட்ட கணக்கு காற்றோடு போகும்.

இத்தனையும் சரியாகச் செய்தாலும் ரெய்டு, பேக்கப் ஆகிவிடாது. நீங்கள் தவறாக ஒரு ஃபைலை அழித்தால் ஜோடி டிஸ்கிலும் அந்த நொடியே அழியும். வைரஸ் ஃபைல்களைப் பூட்டினால் இரண்டிலும் பூட்டும். வெள்ளம் சொல்லவே வேண்டாம். 2010 நவம்பரில் அலோர் ஸ்டார் மூழ்கியது. 2021 ஆகஸ்டில் குனோங் ஜெராயிலிருந்து இறங்கிய தண்ணீர் யான் பக்கத்தை அடித்துப் போட்டது. அடுத்த ஆண்டு ஜூலையில் பாலிங். இவ்வளவுக்குப் பிறகும் சர்வரைத் தரையில் வைத்து, பேக்கப் டிஸ்கை அதன் தலையிலேயே வைத்திருக்கும் ஆபீஸ்களைப் பார்க்கிறேன். ஒரு நகல் வேறு ஊரில் இருக்க வேண்டும்.

இதெல்லாம் நமக்கு எட்டாத விஷயமில்லை. கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்காவில் ஹார்டிஸ்குக்குள் சுழலும் தகடுகளைத் தயாரித்திருக்கிறார்கள். தோட்டங்களிலிருந்து பேக்டரி பஸ் ஏறிப் போன நம் பிள்ளைகளுக்கு மின்னணுப் பொருள் புதிதல்ல. கணக்கு வைப்பதும் நமக்குப் புதிதல்ல. துன் சம்பந்தன் 1960இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் முதலில் வாங்கியது இதே கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டத்தைத்தான். அதற்குப் பாட்டாளிகள் சிறுகச் சிறுகக் கட்டிய பணம் ஒவ்வொருவர் பெயரிலும் ஏடுகளில் ஏறியது. இன்று அப்படிப்பட்ட கணக்குகள் உட்காரும் இடம் மட்டும் ஏன் சப்ளையருக்கு மட்டுமே தெரிந்த ரகசியமாக இருக்க வேண்டும்?

எந்த ரெய்டு, எந்தத் துளையில் எந்த டிஸ்க், எழுதும் முறை எது, எச்சரிக்கை மின்னஞ்சல் யாருக்குப் போகும்: இதை ஒரு தாளில் எழுதி சர்வர் கதவில் ஒட்டச் சொல்லுங்கள். டிஸ்குகளை வேறு சர்வருக்கு மாற்றினால், 'அந்நியக் கட்டமைப்பு' என்று சொல்லி இம்போர்ட்டா கிளியரா என்று கன்ட்ரோலர் கேட்கும். கிளியரை அழுத்தாதீர்கள் என்பதையும் அதே தாளில் எழுதச் சொல்லுங்கள்.

அந்த கிளினிக் டாக்டர் இப்போது ரெய்டு 10க்கு ஒப்புக்கொண்டுவிட்டார். ஒன்று செத்ததும் தானாக அந்த இடத்தில் ஏறிக்கொள்ளும் உபரி டிஸ்க் ஒன்றையும் விலைப்பட்டியலில் சேர்த்திருந்தேன். பேனாவை எடுத்ததும் அவர் முதலில் அடித்தது அந்த வரியைத்தான். சும்மா உட்கார்ந்திருக்கும் டிஸ்குக்கு எதற்குக் காசு என்கிறார். பேசிக்கொண்டிருக்கிறோம்.