எந்தப் பாட்டு இந்தப் பத்தாண்டின் பாட்டு?

2011 முதல் 2020 வரையிலான காலத்தின் ஓசை எந்தத் தமிழ்ப் பாட்டில் இருக்கிறது என்று கேட்டால், தோழர்கள் பலர் உடனே சொல்வது ‘கொலவெறி’, இல்லையென்றால் ‘ரௌடி பேபி’. யூடியூபில் எத்தனை கோடிப் பேர் பார்த்தார்கள் என்பதுதான் ஆதாரம். இரண்டுக்கும் நாமும் ஆடியவர்கள்தான், மறுக்கவில்லை.

ஆனால் அந்தக் காலத்தில் எது மாறியது என்று எண்ணிக்கை சொல்லாது. கானா வடசென்னையின் சாவு வீடுகளில் பாடப்பட்டது. தொண்ணூறுகளில் தேவாவின் இசையில் சினிமாவுக்குள் பரவலாக வந்தது. காதல் தோல்விக்கும் கேலிக்கும்தான் பெரும்பாலும் பயன்பட்டது. பாடியவர்களின் தெருவும் சாதியும் கோபமும் ஸ்டுடியோ வாசலிலேயே நின்றுவிட்டன. 2018 ஜனவரியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ மேடை ஏறியபோது, கானாவும் பறையும் ராப்பும் சேர்ந்து இடஒதுக்கீட்டையும் மாட்டுக்கறியையும் பாடின. குழுவின் பெயரே அயோத்திதாசப் பண்டிதரின் சிந்தனையிலிருந்து எடுத்தது. நம் ஓட்டு அந்த மேடைக்குத்தான்.

‘எஞ்சாய் எஞ்சாமி’யை விட்டுவிட்டீர்களே என்பீர்கள். அது 2021 மார்ச்சில் வந்தது, கணக்குப்படி அடுத்த பத்தாண்டு. அந்தக் குழுவில் பாடிய அறிவு, இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தன் பாட்டி வள்ளியம்மாளின் நினைவிலிருந்து எழுதியது. கோடிக்கணக்கானோர் கேட்டார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் ‘ரோலிங் ஸ்டோன் இந்தியா’ அந்தப் பாட்டைப் பற்றியும் பேசும் இதழை வெளியிட்டது. அட்டையில் பாடகி தீ இருந்தார், ஷான் வின்சென்ட் டி பால் இருந்தார். அறிவு இல்லை. பா. ரஞ்சித் உள்ளிட்டோர் கேள்வி எழுப்பிய பிறகே அவருக்குத் தனியாக ஒரு டிஜிட்டல் அட்டை வந்தது.