மாஸ்க் கொடுத்துவிட்டால் கடமை முடிந்ததா?



இஸ்டோரில் தேயிலை சலிக்கும் அறையில் நிற்கும் அக்காமார் வேலை விட்டு வந்து மாஸ்க்கைக் கழற்றினால், மூக்குக்குள்ளும் தேயிலைத் தூள். லிங்கநகரிலிருந்து துறைமுகப் பக்கம் மூட்டை தூக்கப் போகும் நம் பிள்ளைகளுக்கும் இதே கதைதான். அங்கே தூளின் நிறம் மட்டும் வேறு: சிமெந்து, மாவு. கேட்டால், "மாஸ்க் கொடுத்தோம், கையெழுத்தும் வாங்கினோம்" என்கிறார்கள்.

எந்த மாஸ்க்? யார் சோதித்தது?

என்95 மாஸ்க்குக்கு ஒரு பரீட்சை உண்டு. நிமிடத்துக்கு 85 லீற்றர் காற்றோடு உப்புத் துகள்களை அதனூடாகச் செலுத்துவார்கள். துகளின் அளவு சுமார் 0.3 மைக்ரோன், தலைமயிரின் பருமனில் ஏறக்குறைய 200இல் ஒரு பங்கு. பெரிய துகள் நாரில் மோதி ஒட்டும். மிகச் சிறியது அங்குமிங்கும் அலைந்து ஒட்டும். நடுவில் உள்ளதுதான் நழுவிப் போகும். அதனால்தான் அந்த அளவில் சோதிக்கிறார்கள். நூற்றுக்கு 95 பங்காவது பிடித்தால்தான் பாஸ். நமக்குத் தரும் துணி மாஸ்க் இந்தப் பரீட்சை எழுதியதே இல்லை.

பாஸான மாஸ்க்கும் முகத்தோடு ஒட்டாவிட்டால் வீண். காற்று இடுக்கு வழியே போகும், தூளும் கூடவே போகும். அதற்கும் சோதனை உண்டு. மாஸ்க் போட்டவரின் தலையை ஒரு மூடியால் மூடி, இனிப்பு மருந்தைப் புகையாக அடிப்பார்கள். நாக்கில் இனிப்புத் தெரிந்தால் அந்த மாஸ்க் அவருக்குப் பொருந்தவில்லை. இது சில நிமிட வேலை. நம்மில் எத்தனை பேருக்குச் செய்தார்கள்? இந்த மாஸ்க்கைத் துவைத்துப் போடவும் கூடாது. நாரிலுள்ள மின்னேற்றம் குறைந்தால் தூளைப் பிடிக்கும் வலுவும் குறையும்.

தேயிலைத் தூள் ஆஸ்துமா தரும் என்று நம் நாட்டு டாக்டர் சி. ஜி. உறகொட 1970இலேயே எழுதிவிட்டார். 50 வருடம் தாண்டியும் "தூசிதானே" என்கிறார்கள். இளைப்பு வந்தபின் யார் சம்பளம் தருவார்?

நாம் கேட்பது பிச்சையல்ல:

1. முதலில் தூளை உறிஞ்சும் மின்விசிறி. மாஸ்க் அதற்குப் பின்னர்தான்.
2. சோதித்துச் சான்று பெற்ற மாஸ்க். கிழியுமுன், அடைபடுமுன் புதியது.
3. ஒவ்வொருவர் முகத்திலும் பொருத்தச் சோதனை, சம்பள நேரத்திலேயே.
4. வருடம்தோறும் நெஞ்சுப் பரிசோதனை. அறிக்கை தொழிலாளியின் கையில்.

அடுத்த முறை மாஸ்க்குக்குக் கையெழுத்துக் கேட்டால், சான்று எங்கே என்று கேளுங்கள். தனியாகக் கேட்காதீர்கள். தலைவரோடு, எல்லோரும் சேர்ந்து கேளுங்கள். மூச்சு நம்முடையது!