சாமியாருக்குப் படி, உபதேசியாருக்குப் புண்ணியமா?

எங்க நைனா முப்பத்தோரு வருசம் உபதேசியாரா இருந்தார். 1978இல் மணிக்கயிறு அவர் கைக்கு வந்தது. 2009இல் பக்கவாதம் வந்து வலதுகை விழுந்த அன்றைக்குத்தான் அதை விட்டார். விடியல்மணி, உச்சிமணி, அந்திமணி, சாவுமணி. பூசைக்கு முன்னால் பீடத்துணி விரிப்பது, மெழுகுவர்த்தி ஏற்றுவது, அப்பமும் ரசமும் எடுத்து வைப்பது. எங்க ஊருக்குச் சாமியார் மாசத்துக்கு ஒருதரம்தான் வருவார். வராத ஞாயிறுகளில் செபம் சொன்னது நைனா. புள்ளைங்களுக்கு மந்திரம் சொல்லிக் கொடுத்தது நைனா. சாகக் கிடக்கிறவன் தலைமாட்டில் ராவெல்லாம் உட்கார்ந்து செபமாலை உருட்டினது நைனா. குழிக்கு அளவெடுத்துக் கொடுத்ததும் அவர்தான். ஆள் வரலைன்னா மம்மட்டியும் அவர் கையில்தான்.

இதுக்கெல்லாம் என்ன கொடுத்தாங்க? அறுவடைக்கு அறுவடை வீட்டுக்கு ரெண்டு மரக்கா நெல். அதுவும் கொடுக்கிறவங்க கொடுத்தா. காலனியில் நிலம் வச்சிருந்தவன் எத்தனை பேர்? கூலிக்குப் போனவன் தன் கூலிநெல்லில்தான் அள்ளிப் போட்டான். ஊர்த்தெருவில் இருந்த சாதிக் கிறிஸ்தவங்க களத்துக்கு நைனா போவார். துண்டை ஏந்தி நிற்பார். வெட்டியானுக்கும் தோட்டிக்கும் அளந்த அதே மரக்கால், அதே களத்து ஓரம், அதே 'இந்தாடா'. நைனா செபம் சொல்ற ஞாயிறுகளில் இவங்க கோயில் பக்கமே தலைகாட்ட மாட்டாங்க. சாமியார் வர்ற ஞாயிற்றுக்கிழமை மட்டும் வந்து முன்னால் உட்காருவாங்க. ஆனா அவங்க வீட்டில் சாவு விழுந்தா மணியடிக்க நைனா வேணும். இதைத் திருச்சபைப் பணின்னு சொன்னா நான் சிரிப்பேன். ஊருக்குச் சேரி செய்துவந்த குடிமைத் தொழிலில் ஒண்ணு, அங்கி மாட்டிக்கொண்டு கோயிலுக்குள்ளேயும் வந்து நின்றது. அவ்வளவுதான்.

நைனா படுத்ததும் நான் பங்குச் சாமியாரிடம் போனேன். மருந்துச் செலவுக்கு ஏதாவது ஏற்பாடு உண்டா, மாசாமாசம் ஒரு தொகை வருமா என்று கேட்டேன். "ஊழியத்துக்குக் கூலி கேட்கலாமாப்பா? ஆண்டவர் கொடுப்பார்" என்றார். கையில் ஐந்நூறு ரூபாயும் ஒரு செபப்புத்தகமும் கொடுத்தார். அதுக்கு முந்தின வருசத் திருவிழாவில் நைனாவுக்குப் பொன்னாடை போர்த்தியிருந்தாங்க. பொன்னாடையை எந்த அடகுக்கடைக்காரன் வாங்குவான்?

அந்தச் சாமியாரைக் கெட்டவர்னு சொல்ல வரலை. நல்லாப் பேசுவார். எங்க வீட்டில் டீ குடிப்பார். ஆனா அவருக்கு மாசப்படி உண்டு, பூசைக் காணிக்கை உண்டு, படுத்தா ஆஸ்பத்திரி உண்டு, வயசானா தங்க ஓய்வு இல்லம் உண்டு. அவர் செய்வதும் ஊழியம்தானே? ஒரே பீடம், ஒரே பூசை. ஒருத்தர் ஊழியத்துக்குப் படி, இன்னொருத்தர் ஊழியத்துக்குப் புண்ணியம். இந்தக் கணக்கு எந்த வேதத்தில் இருக்கு?

வேதத்தில் இல்லை. தேடிப் பார்த்துட்டுத்தான் சொல்றேன். கோயிலில் வேலை செய்கிறவனுக்குக் கோயிலில் இருந்தே சோறு என்பதுதான் பவுலடியார் கொரிந்தியருக்கு எழுதின முதல் கடிதம் 9ஆம் அதிகாரத்தின் சாரம். சரி, வேதம் பழசு. திருச்சபைச் சட்டம்? 1983இல் போப் இரண்டாம் ஜான் பால் வெளியிட்ட சட்டத்தொகுப்பு இப்பவும் நடைமுறையில் இருப்பது. 222ஆம் விதி, வழிபாட்டுக்கும் பணியாளர் பிழைப்புக்கும் வேண்டியதைக் கொடுப்பது விசுவாசிகள் கடமை என்கிறது. 281 குருக்களுக்குப் படியையும், நோயிலும் முதுமையிலும் பாதுகாப்பையும் உறுதி செய்கிறது. இந்த ரெண்டும் நம்ம சாமியார்களுக்கு மனப்பாடம். 231ஐ மட்டும் ஏன் புரட்டுவதில்லை? திருச்சபையின் தனிப்பணிக்குத் தன்னை ஒப்படைத்த பொதுநிலையினருக்கு, தானும் குடும்பமும் மானமாக வாழ்வதற்கேற்ற ஊதியம் பெற உரிமை உண்டு என்கிறது அது. சமூகப் பாதுகாப்பும் மருத்துவ உதவியும் சேர்த்துத்தான். உரிமை என்றே எழுதியிருக்கு. தர்மம் என்று எழுதலை.

யாராவது 230ஐத் தூக்கிக்கொண்டு வருவாங்க. வாசகர், பீடத்துணைவர் பணியில் ஏற்படுத்தப்பட்டதாலேயே ஊதியம் கேட்கும் உரிமை வந்துவிடாது என்று அதில் இருப்பது உண்மைதான். ஞாயிறு ஒருநாள் வாசகம் படித்துவிட்டுத் திங்கட்கிழமை ஆபீசுக்குப் போகிறவருக்கு அது பொருந்தும். முப்பத்தோரு வருசம் மூணுவேளையும் மணிக்கயிற்றோடு கட்டிக் கிடந்தவனுக்குமா பொருந்தும்? நியாயக்கூலி பற்றிப் போப் பதின்மூன்றாம் லியோ 1891இலேயே சுற்றுமடல் எழுதினார். ஆலைத் தொழிலாளிக்கு உபதேசம் பண்ணின திருச்சபை தன் கோயில் வாசலில் நிற்கிற தொழிலாளியை மறந்துபோச்சு.

இன்னொரு கணக்கும் இருக்கு. 1950 குடியரசுத் தலைவர் ஆணை இந்துக்களைத் தவிர மற்றவர்களைப் பட்டியல் சாதியில் சேர்க்கலை. 1956இல் சீக்கியர், 1990இல் பௌத்தர் சேர்ந்தாங்க. கிறிஸ்தவன் வெளியிலேயே நிற்கிறான். நைனா வாழ்நாள் பூராவும் மணியடித்த மதத்தால் என் சான்றிதழில் 'பிற்பட்டோர்' என்று விழுந்தது. ஊருக்கு நான் பறையன், சர்க்காருக்குப் பிற்பட்டோன், சபைக்கு உபதேசியார் மகன். மூணு பேரிடமும் எனக்கு ஒண்ணும் பெயரலை.

அண்ணல் அம்பேத்கர் 1936இல் 'சாதி ஒழிப்பு' எழுதியபோது, பூசாரித் தொழில் பரம்பரையாக வரக்கூடாது, தேர்வு வைத்து, சான்று கொடுத்து, அரசு ஊழியன்போல் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவனாக ஆக்க வேண்டும் என்றார். அவர் பேசியது இந்துமதப் பூசாரியைப் பற்றி. நான் அதை எங்க கோயில் மணிக்கூண்டுக்கும் இழுக்கிறேன். வழிபாட்டு வேலையும் வேலைதான். வேலைன்னா அதுக்கு நியமன உத்தரவு வேணும், சம்பளம் வேணும், ஓய்வூதியம் வேணும்.

நம்ம சனத்தையும் விடப்போறதில்லை. திருவிழா வந்தா வீட்டுக்கு ஆயிரம் வரி. சப்பரத்துக்கு மின்விளக்கு, பேண்டு, வாணவேடிக்கை. வானத்தில் விட்ட வெடிக்கு யாரும் கணக்குப் பார்க்கலை. நைனா படுத்துக் கிடந்த ரெண்டு வருசமும் அந்தச் சப்பரம் எங்க வீட்டு வாசலில் நின்னுட்டுத்தான் போச்சு. செபம் சொன்னாங்க. மாத்திரை வாங்க யாரும் காசு கொடுக்கலை. 222ஆம் விதி விசுவாசிகள் என்று சொல்லும்போது நம்மளையும்தான் சொல்லுது தோழர்களே. மேற்றிராணியாரைத் திட்டிவிட்டு நாம் நழுவ முடியாது. கொடுக்கிறோம். ஆனா உண்டியல் கணக்கைக் கோயில் கதவில் ஒட்டு. எவ்வளவு வந்தது, எவ்வளவு மேலே போச்சு, மணியடிக்கிறவருக்கு எவ்வளவு? படிச்சுப் பார்த்துட்டுக் கொடுக்கிறோம்.

இப்ப மணியடிக்கிறது எங்க சின்னம்மா. தாலியறுத்தவள். கோயிலைப் பெருக்கி, பீடத்துணி துவைத்து, மூணுவேளையும் கயிறு இழுக்கிறாள். அவளுக்கு மரக்கா நெல்கூடக் கிடையாது. நெல் விளைந்த நிலமெல்லாம் மனையாயிடுச்சு. பொம்பளைதானே, பக்தியில் செய்யுதுன்னு விட்டுட்டாங்க.

இந்த வருசத் திருவிழாக் கூட்டத்துக்கு எங்க தெருவில் எல்லாரும் போறோம். சின்னம்மா மாசச் சம்பளம் பங்குக் கணக்கில் ஏறி, சாமியார் கையெழுத்துப் போட்ட பிறகுதான் வரி. அதுவரைக்கும் எங்க தெருவில் ரசீதுப் புத்தகம் நுழையாது. சின்னம்மாகிட்டயும் சொல்லியாச்சு. சாவி மேசைமேல் இருக்கும், வேணும்கிறவங்க போய்க் கயிறை இழுத்துக்கட்டும்.