ராத்திரியில் புகை தூங்குமா?

கும்மிடிப்பூண்டி. இரவு 11 மணி.

தொழிற்பேட்டையில் விளக்குகள் எரிகின்றன. கொல்கத்தா நெடுஞ்சாலையில் லாரிகள் ஓடுகின்றன. வீடுகளில் குழந்தைகள் தூங்கிவிட்டன.

புகையும் தூங்கிவிடும் என்றுதான் பலர் எண்ணுகிறார்கள். அது தவறு.

இரவில் தரை குளிர்ந்துவிடும். தரையை ஒட்டிய காற்றும் குளிர்ந்து, மேலே எழும்பாமல் கிடக்கும். அதில் கலந்த புகை ஊருக்குள்ளேயே தங்கும். தங்குவதோடு நிற்பதில்லை. வேறு பொருளாக மாறுகிறது!

ராத்திரி ஷிப்டு

லாரிப் புகையிலும் தொழிற்சாலைப் புகையிலும் நைட்ரஜன் டை ஆக்சைடு உண்டு. பகல் வெயிலில் உண்டான ஓசோன், இரவிலும் மிச்சம் இருக்கும். இரண்டும் சேர்ந்தால் "நைட்ரேட் ராடிகல்" பிறக்கும்.

ராடிகல் என்பது ஜோடி இல்லாத எலெக்ட்ரானை உடைய துணுக்கு. அது சும்மா இராது. எதிர்ப்பட்டதைப் பற்றிக்கொள்ளும். வெயில் பட்டாலோ சில விநாடிகளில் சிதைந்துவிடும். அதனால்தான் ராத்திரி ஷிப்டு! அமெரிக்காவில், லாஸ் ஏஞ்சல்ஸ் வட்டார இரவுக் காற்றில் இது இருப்பதை 1980-ம் ஆண்டில் விஞ்ஞானிகள் வெளியிட்டார்கள்.

இந்த ராடிகலோடு மேலும் நைட்ரஜன் டை ஆக்சைடு சேர்ந்து, ஈரத் தூசியில் படிந்தால் நைட்ரிக் அமிலம் ஆகும். தூசியில் கடல் உப்பு இருந்தால் குளோரின் கலந்த வாயு கிளம்பும். காலை வெயிலில் அது உடையும். குளோரின் துள்ளி எழும். மறுபடியும் ஓசோன் உண்டாகும். ஹூஸ்டன் கடலோரத்தில் 2006-ல் கப்பலில் இருந்தே இந்த வாயுவை அளந்தார்கள்.

கும்மிடிப்பூண்டியில் புகை உண்டு. பழவேற்காட்டுக் கடலும் பக்கத்தில்தான்.

சராசரி என்னும் போர்வை

டெல்லிக் கதை வேறு. அங்கே குளிர்கால இரவுகளில் நைட்ரிக் ஆக்சைடு மிகுந்து, அந்த ராடிகலையே அழித்துவிடுகிறது. 2023-ல் வெளியான ஆய்வு இது. (காற்று நல்லது என்று அர்த்தம் இல்லை. அழுக்கு அவ்வளவு அதிகம்!) ஆகவே டெல்லிக் கணக்கு கும்மிடிப்பூண்டிக்கு உதவாது. அந்தந்த ஊரில் அளக்க வேண்டும். இரவில் அளக்க வேண்டும்.

2009-ம் ஆண்டு விதிப்படி நைட்ரஜன் டை ஆக்சைடு, 24 மணி நேரச் சராசரியில், ஒரு கன மீட்டர் காற்றுக்கு 80 மைக்ரோகிராம் வரை இருக்கலாம். பகல் 12 மணி நேரம் 40, இரவு 12 மணி நேரம் 120 என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி 80. விதி மீறப்படவில்லை!

தூங்கும் குழந்தை இழுத்த மூச்சு எந்தக் கணக்கில் வரும்?

இரவு 8 மணி முதல் காலை 6 மணி வரை, மணிக்கு மணி அளந்த கணக்கைத் தனியாகத் தமிழில் எழுதி, பஸ் நிலையத்தில் பலகையாக வைக்க வேண்டும். ஓசோன் அளவும் அதில் இருக்க வேண்டும்.